ஆறு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் இருக்கு, சரி... அதுக்கு சாட்சி இருக்கா?

இந்த வாரம் எஸ்.ஐ.பி., வரி, இன்சூரன்ஸ் எதுவும் இல்ல. ஆனா இதுவும் காசு விஷயம்தான். பெரிய காசு.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப, தருமபுரி நால்ரோடு பக்கம் ஒரு டீக்கடையில நம்ம சேனல் பார்க்குற தம்பி ஒருத்தர் வந்து பேசினார். பென்னாகரம் பக்கம் கிராமம். சிவில் என்ஜினியர், ஆறு வருஷ அனுபவம். கனடா பி.ஆருக்கு ஃபைல் போட்டிருக்கார். "அண்ணா, ஒன்பது லட்சம் ஃபண்டு காட்டணும், பர்சனல் லோன் போடலாமா?"ன்னு கேட்டார். போடக்கூடாது, கடன் வாங்குன பணத்தை அவங்க ஏத்துக்க மாட்டாங்கன்னு சொன்னேன். அதோட விட்டிருந்தா இந்தப் பதிவே இல்ல. சும்மா ஒரு வார்த்தை கேட்டேன்: "அங்க போய் என்ஜினியரா வேலை செய்ய லைசன்ஸ் வேணுமே தம்பி, அதுக்கு என்ன ஏற்பாடு?"

"அதெல்லாம் போய்ப் பார்த்துக்கலாம்ண்ணா. ஆறு வருஷம் இருக்கே."

கையில் வச்சிருந்த ஃபைலை வாங்கிப் பார்த்தேன். டிகிரி, மார்க்‌ஷீட், பாஸ்போர்ட், ஆங்கிலத் தேர்வு மார்க், கன்சல்டன்சிக்கு கட்டின ரசீது எல்லாம் இருக்கு. ஆறு வருஷம் அவர் என்ன வேலை செஞ்சார்னு சொல்ற பேப்பர் மொத்தம் ரெண்டு. ரெண்டுலயும் ஒரே வாசகம்தான்: இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை எங்களிடம் பணிபுரிந்தார், நன்னடத்தை உள்ளவர்.

நன்னடத்தைக்கு லைசன்ஸ் தரமாட்டாங்க.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். பி.ஆர். வேற, லைசன்ஸ் வேற. ரெண்டுக்கும் ரெண்டு கதவு, ரெண்டு வாட்ச்மேன். பி.ஆருக்காக டிகிரியை மதிப்பீடு பண்ணி ஒரு சான்று வாங்குவோம் இல்லையா, அது குடியேற்றத் துறைக்கு மட்டும்தான். அதை வச்சு யாரும் உங்களை என்ஜினியர்னு கூப்பிட மாட்டாங்க. கனடாவுல ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனித்தனி லைசன்ஸ் அமைப்பு. நம்ம ஆளுங்க அதிகம் போற ஒன்டாரியோவுல அதுக்குப் பேரு ப்ரொஃபஷனல் என்ஜினியர்ஸ் ஒன்டாரியோ, சுருக்கமா பி.இ.ஓ. அவங்க கொடுக்குறதுதான் 'பி.எங்' பட்டம். அது இல்லாம அங்க உங்க பேருக்கு முன்னாடி என்ஜினியர்னு போட்டுக்கறதே சட்டப்படி தப்பு. இங்க பைக் நம்பர் பிளேட்லயே போட்டுக்கறோம், அது வேற கதை.

இந்த பி.இ.ஓ. ரொம்ப காலமா ஒரு விதி வச்சிருந்தாங்க. நாலு வருஷ அனுபவத்துல குறைஞ்சது 12 மாசமாவது கனடாவுல, அங்க லைசன்ஸ் உள்ள என்ஜினியர் கீழ வேலை செஞ்சிருக்கணும். வேலை கிடைக்க லைசன்ஸ் கேப்பாங்க, லைசன்ஸ் கிடைக்க வேலை கேப்பாங்க. கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும்ங்கற கதைதான். 2021-ல் ஒன்டாரியோ அரசு சட்டம் திருத்தி 'கனடா அனுபவம்' கேக்கறதைத் தடுத்தது. 2023 மே மாசம் பி.இ.ஓ. அந்த 12 மாச விதியை எடுத்துட்டாங்க.

நம்ம பசங்க வாட்ஸ்அப்ல இந்தச் செய்தி சுத்துச்சு. "இனிமே இந்திய எக்ஸ்பீரியன்ஸே போதும்." உண்மைதான். ஆனா பாதிதான் உண்மை. 12 மாசம் போச்சு, 48 மாசம் அப்படியே இருக்கு. அந்த 48 மாசத்தை எப்படி எடை போடறாங்கங்கறதுதான் முழுசா மாறியிருக்கு. முன்ன மாதிரி வருஷத்தை எண்ணிப் பார்த்து முடிக்கறது இல்ல. 7 பிரிவு, மொத்தம் 34 திறன்கள். தொழில்நுட்பம் ஒரு பிரிவு. அதோட தகவல் தொடர்பு, திட்டம் - செலவு மேலாண்மை, டீம்ல வேலை, தொழில் பொறுப்பு, சமூகம் - சுற்றுச்சூழல், தொடர்ந்து கத்துக்கறதுன்னு மத்த ஆறு. ஒவ்வொரு திறனுக்கும் நீங்க செஞ்ச ஒரு நிஜ வேலையை எடுத்து, நிலைமை என்ன, நீங்க என்ன செஞ்சீங்க, விளைவு என்னன்னு எழுதணும். எழுதினா மட்டும் போதாது. அந்த வேலையை நேர்ல தெரிஞ்ச ஒருத்தர் "ஆமா, இவர்தான் செஞ்சார்"னு ஆன்லைன்ல உறுதி பண்ணணும். அவங்களை வேலிடேட்டர்னு சொல்றாங்க. நான் சாட்சின்னே சொல்றேன். இதுக்கு மேல சட்டம், தொழில் ஒழுக்கம் பத்தி ஒரு தேர்வு. கனடாவுல அங்கீகாரம் பெற்ற டிகிரி இல்லாதவங்க தொழில்நுட்பத் தேர்வும் எழுத வேண்டி வரலாம்.

இப்ப நம்ம தம்பியோட ஆறு வருஷத்தை டீக்கடை பெஞ்சுலயே பிரிச்சுப் போட்டோம். மொத்தம் 72 மாசம்.

முதல் 24 மாசம் ஒரு ரோடு சப் கான்ட்ராக்டர்கிட்ட, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் சைட் என்ஜினியர். அடுத்த 18 மாசம் ஓசூர்ல ஒரு கம்பெனியில 'சைட் கோஆர்டினேட்டர்'. கடைசி 30 மாசம் பெங்களூருல ஒரு ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்சி.

ஓசூர்ல என்ன செஞ்சீங்கன்னு கேட்டேன். லேபர் வருகைப்பதிவு, சிமெண்ட் லோடு கணக்கு, பில் ஃபாலோ அப். ஒன்டாரியோ சட்டத்துல எது என்ஜினியரிங்னு வரையறை இருக்கு. திட்டமிடறது, டிசைன் பண்றது, மதிப்பிடறது, ஆலோசனை சொல்றது, மேற்பார்வை பார்க்கறது. அதுல என்ஜினியரிங் கோட்பாடு பயன்படணும், மனுஷ உயிர், சொத்து, பொது நலன் மாதிரி ஏதாவது ஒண்ணோட பாதுகாப்பு சம்பந்தப்பட்டிருக்கணும். சிமெண்ட் மூட்டை எண்ணுறது அதுல வராது. 18 மாசம் போச்சு. சம்பளம் அங்கதான் அவருக்கு நல்லா இருந்தது, அதையும் சொல்லிடறேன்.

பெங்களூரு 30 மாசம் சுத்தமா எண்ணிக்கைக்கு வரும். 48-க்கு இன்னும் 18 குறையுது. அப்ப எல்லாமே அந்த முதல் 24 மாசத்துல நிக்குது. அது ஏறினா 54, தாண்டிடுவார். ஏறலைன்னா 30-லயே நிக்கணும்.

அந்த 24 மாசத்துக்கு ஒரு துண்டுப் பேப்பர் கூட இல்ல. சம்பளம் 18,000, கையில. பி.எஃப். கிடையாது, சம்பள ஸ்லிப் கிடையாது, ஆஃபர் லெட்டர் கிடையாது.

இந்த இடத்துல நான் ஒண்ணு ஒத்துக்கணும். அந்தத் தம்பிக்கு அதே சமயத்துல சேலத்துல 15,000 சம்பளத்துக்கு இன்னொரு வேலை வந்திருக்கு. பி.எஃப். பிடிப்பாங்க, கைக்கு 13,500 மாதிரி வரும். அவர் 18,000-ஐ எடுத்துக்கிட்டார். ஏன்? "உங்க வீடியோ ஒண்ணு பார்த்தேண்ணா, ஆரம்பத்துல கைக்கு எவ்வளவு வருதுன்னு பாருங்கன்னு சொல்லியிருந்தீங்க." ஆமா, சொன்னேன். அப்ப அது சரின்னு நினைச்சேன். 4,500 ரூபாய் வித்தியாசத்தை மாசாமாசம் எஸ்.ஐ.பி.ல போட்டா எவ்வளவு ஆகும்னு கூட ஒரு டேபிள் போட்டுக் காட்டினேன். அந்த டேபிள்ல நான் போடாத ஒரு வரி இருக்கு. சாட்சி இல்லாத ரெண்டு வருஷத்தோட விலை. அதை இப்ப போடறேன்.

ஒன்டாரியோவுல குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபர்ல இருந்து மணிக்கு 17.60 டாலர். வாரம் 40 மணி நேரம், 52 வாரம்னா வருஷத்துக்கு 36,608 டாலர். லைசன்ஸ் வழியில இருக்குற ஒரு ஆளுக்கு, கணக்குக்காக, 70,000 டாலர் சம்பளம்னு வச்சுக்குவோம். வித்தியாசம் 33,392 டாலர். டாலர் 60 ரூபாய்னு ரவுண்டா போட்டாலே வருஷத்துக்கு 20 லட்சம். வரிக்கு முன்னாடிதான், வாடகை கழிக்கலைதான், எல்லாரும் கிடங்குலயேதான் நிப்பாங்கன்னும் சொல்லலை. லைசன்ஸ் இல்லாமலே, லைசன்ஸ் உள்ள என்ஜினியர் கீழ வேலை கிடைச்சு மீதி மாசத்தை அங்கேயே முடிச்சவங்க இருக்காங்க. ஆனா அது கிடைக்கற வரைக்கும் ஓடுற மீட்டர் இதுதான். மாசம் 4,500 ரூபாய் வீதம் ரெண்டு வருஷத்துல அவர் 'லாபம்' பார்த்தது 1,08,000.

சரி, பி.எஃப். இல்லைன்னா அனுபவம் செல்லாதா? அப்படி பி.இ.ஓ. எங்கயும் சொல்லலை. பி.எஃப். பாஸ்புக் நீங்க அங்க இருந்தீங்கன்னுதான் சொல்லும், என்ன செஞ்சீங்கன்னு சொல்லாது. ஆனா இருந்ததுக்கே ஆதாரம் இல்லாதப்ப செஞ்சதைப் பத்திப் பேச ஆரம்பிக்கறதே கஷ்டம். பி.ஆர். ஃபைலுக்கும் அதே கதை. பதவி, செஞ்ச வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், தேதி எல்லாம் கம்பெனி லெட்டர்ஹெட்ல கேக்கறாங்க. அதனால பி.எஃப்., ஃபார்ம் 16, சம்பளம் ஏறின பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாத்தையும் டிரைவ்ல ஒரு ஃபோல்டர் போட்டு வச்சிடுங்க. வேலையை விட்டு ரெண்டு மாசம் ஆகியும் பழைய கம்பெனி உங்க வெளியேறிய தேதியைப் போடலைன்னா, இ.பி.எஃப்.ஓ. தளத்துல நீங்களே போட்டுக்கலாம். இந்த ஒரு வசதி 2020-லேருந்து இருக்கு, பாதிப் பேருக்குத் தெரியாது.

இப்ப அசல் விஷயத்துக்கு வரேன். எனக்கு ஆச்சரியமா இருந்தது இதுதான்.

பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் ஒரு பாக்ஸ் கல்வெர்ட் வேலை. அதைப் பத்திச் சொல்லுங்கன்னேன். "அஸ்திவாரம் தோண்டினோம், டிராயிங்ல இருந்த ஆழத்துக்குப் போனா அடியில கொட்டி நிரப்பின மண்ணு, தண்ணி ஊறிட்டு இருந்துச்சு. பி.சி.சி. போட வேணாம்னு நிறுத்தினோம். கன்சல்டன்ட் சாருக்கு போன் போட்டோம். அவர் வந்து பார்த்தாரு. இன்னும் கீழ போகச் சொன்னாங்க, போனோம். கம்பி கணக்கெல்லாம் மாத்தினோம்."

நிறுத்தினோம், போட்டோம், மாத்தினோம். "யாரு தம்பி நிறுத்தினது?"

"நான்தாண்ணா. மேஸ்திரி போடலாம்னு சொன்னாரு, லாரி வந்து நிக்குது, கான்ட்ராக்டர் போன்ல திட்டுறாரு. நான்தான் வேணாம்னு நின்னேன்."

"கம்பி கணக்கு மாத்தினது?"

"நான்தான் ராத்திரி உக்காந்து பி.பி.எஸ். மறுபடி போட்டேன். ஆனா சார் பார்த்து ஓகே சொன்னாரு."

இது என்ஜினியரிங் இல்லைன்னா எது என்ஜினியரிங்? ஆபத்தை முன்கூட்டியே பார்த்தது, விதியையும் பாதுகாப்பையும் மனசுல வச்சு வேலையை நிறுத்தினது, எதிர்ப்பை மீறி மேலதிகாரிக்குச் சொன்னது, கணக்கை மாத்தினது. ஒரே குழியில நாலஞ்சு திறனுக்கு உதாரணம் இருக்கு. ஆனா அவர் அதைச் சொல்ற விதத்துல அவரே இல்ல. நமக்கு "நான் செஞ்சேன்"னு சொன்னா திமிர். வீட்லயும் அப்படித்தான் வளர்த்தாங்க, சைட்லயும் அப்படித்தான். எல்லாம் சார் சொன்னாரு, நாங்க செஞ்சோம். அந்தப் பணிவு நல்லதுதான், ஆனா இந்த விண்ணப்பத்தைப் படிக்கறவருக்கு 'நாங்க'வுல எவ்வளவு நீங்கன்னு தெரியாது. ஆஸ்திரேலியாவும் இதையேதான் கேக்குது. அங்க என்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா அமைப்புக்கு, குடியேற்ற மதிப்பீட்டுக்கு மூணு தனித்தனி வேலை அனுபவக் கட்டுரை எழுதணும், ஒவ்வொண்ணும் 1,000-லிருந்து 2,500 வார்த்தை, அதுல உங்க பங்கு மட்டும் தெரியணும். படிக்கும்போது செஞ்ச ப்ராஜெக்ட்டைக் கூட எழுதலாம். அதை எழுதித் தர காசு வாங்குற ஆளுங்க இருக்காங்க. காப்பி அடிச்சது பிடிபட்டா விண்ணப்பம் போகும், கொஞ்ச காலத்துக்கு மறுபடி போடவும் முடியாது. தயவுசெஞ்சு வேணாம்.

அந்தக் குழியோட போட்டோ இருக்கான்னு கேட்டேன். இருந்துச்சு, பழைய போன்ல. போன் தண்ணியில விழுந்துடுச்சு.

அதனால நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. மாசச் சம்பளம் வர்ற அன்னிக்கு எஸ்.ஐ.பி. போற மாதிரி, மாசக் கடைசியில அரை மணி நேரம் உக்காந்து ஒரு பக்கம் எழுதுங்க. இந்த மாசம் என்ன பிரச்சனை வந்துச்சு, நான் என்ன முடிவு எடுத்தேன், எந்த கோடு பார்த்தேன், என்ன ஆச்சு, யாருக்கு இது தெரியும். தமிழ்லயே எழுதுங்க, பின்னாடி மாத்திக்கலாம். கம்பெனி டிராயிங்கை எடுத்துட்டு வராதீங்க, அது உங்களோடது இல்ல; உங்க குறிப்பு உங்களோடது. மேலதிகாரியோட கம்பெனி மெயில் ஐடி அவர் வேலையை விட்ட அன்னிக்கே செத்துடும், சொந்த மெயில் ஐடியைக் கேட்டு வாங்கி வைங்க. தீபாவளிக்கு ஒரு வாழ்த்து அனுப்புங்க. மூணு வருஷம் கழிச்சு "சார், என்னை ஞாபகம் இருக்கா"ன்னு ஆரம்பிக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்.

அனுபவம் மட்டும் இருந்தா போதும்னு நினைக்கறவங்களுக்கு குவைத் ஞாபகம் இருக்கட்டும். 2018-ல் அங்க என்ஜினியர்ங்கற பதவியில வொர்க் பர்மிட் புதுப்பிக்க குவைத் என்ஜினியர்கள் சங்கத்தோட தடையில்லாச் சான்று வேணும்னு ஆக்கினாங்க. அவங்க இந்திய டிகிரின்னா என்.பி.ஏ. அங்கீகாரம் இருக்கான்னு பார்த்தாங்க. பத்து, பதினஞ்சு வருஷம் அங்கயே வேலை பார்த்தவங்க எல்லாம் மாட்டினாங்க. என்.பி.ஏ.வே 1994-ல்தான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி படிச்சவர் எங்க போவார்? நம்ம வெளியுறவுத் துறை வரைக்கும் பேச வேண்டி வந்தது. என்ஜினியர் பேரை விட்டுட்டு வேற பதவிப் பேர்ல புதுப்பிச்சுக்கிட்டவங்களும் உண்டு.

என்.பி.ஏ. அங்கீகாரம் கல்லூரிக்கு இல்ல, ஒவ்வொரு கோர்ஸுக்கும் தனி, அதுக்குக் காலக்கெடுவும் உண்டு. இந்தியா 2014 ஜூன்ல வாஷிங்டன் ஒப்பந்தத்துல முழு உறுப்பினர் ஆச்சு. ஆனா அது 'டயர் 1' அங்கீகாரத்துக்கு மட்டும்தான், அதாவது தன்னாட்சிக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள். அண்ணா யுனிவர்சிட்டி அஃபிலியேஷன்ல இருக்குற சாதாரண கல்லூரிக்குக் கிடைக்குறது 'டயர் 2'. நம்ம மாவட்டத்துப் பசங்கள்ல எத்தனை பேருக்கு கவுன்சிலிங்ல சீட் எடுக்கும்போது இந்த வித்தியாசம் யாராவது சொல்லியிருப்பாங்க? உங்க கோர்ஸ் எதுல வருதுன்னு என்.பி.ஏ. தளத்துல இன்னிக்கே பாருங்க. டயர் 2-ன்னா வழி மூடலை, ஆஸ்திரேலியாவுக்கு அந்தக் கட்டுரை வழி இருக்கு, கனடாவுக்குத் தேர்வு இருக்கு. தெரிஞ்சு போறதும் தெரியாம போறதும் ஒண்ணு இல்ல.

எல்லாருக்கும் லைசன்ஸ் வேணுமான்னு கேட்டா, வேணாம். சாஃப்ட்வேர் பசங்க நிம்மதியா இருங்க. ஒன்டாரியோவுல ஒரு ஃபேக்டரி தன் சொந்த உற்பத்தி மெஷின்கள்ல செய்யுற வேலைக்கு சட்டத்துலயே விலக்கு இருக்கு, அதனால மெக்கானிக்கல்ல பல பேர் லைசன்ஸ் இல்லாமலே நல்லா இருக்காங்க. சிவில், ஸ்ட்ரக்சுரல்னா தப்பிக்க முடியாது. நான் வெளிநாடே போகலைங்கறவங்களுக்கு ஒரு வார்த்தை: 2019 தமிழ்நாடு கட்டட விதிகள்ல பதிவு பெற்ற என்ஜினியர் ஆகறதுக்கும் அனுபவம் கேக்கறாங்க.

என் கோபம் வேற இடத்துல இருக்கு. இதையெல்லாம் சொல்லித் தர்ற வகுப்புகள் இருக்கு, ஆனா எங்க? டொரண்டோவுல. போய் இறங்கினவங்களுக்கு, குடியேறினவங்களுக்கான அமைப்புகள் நடத்துது. நல்ல வேலைதான். ஆனா அங்க உக்காந்து "உங்க பழைய மேலதிகாரியோட மெயில் ஐடி இருக்கா"ன்னு கேட்டா, பதில் பாப்பிரெட்டிப்பட்டியில இல்ல கிடக்கு? இந்த வகுப்பு நடக்க வேண்டிய இடம் செட்டிக்கரை. 2013-ல் ஆரம்பிச்ச நம்ம அரசு பொறியியல் கல்லூரியில, கடைசி வருஷத்துல, ரெண்டு மணி நேரம் போதும். பர்கூர்லயும் நடத்தலாம், 1994-ல் அந்தக் கல்லூரி வந்தப்ப அதுவும் நம்ம மாவட்டம்தான். பிளேஸ்மென்ட்ல எத்தனை லட்சம் பேக்கேஜ்னு பேனர் வைக்கிறோம். முதல் வேலையில என்ன எழுதி வாங்கணும்னு ஒரு பேனர் கூட பார்த்ததில்ல. கூப்பிட்டா நான் வர்றேன், காசு வேணாம், பஸ் செலவு மட்டும் போதும்.

கன்சல்டன்சிக்காரங்களைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்ல. அவங்க விக்கறது விசா. பிளேன் ஏறினதோட அவங்க வேலை முடிஞ்சுது.

தம்பி விஷயத்துக்கு வரேன். அந்த சப் கான்ட்ராக்டர் மேஸ்திரியா இருந்து வந்தவர், என்ஜினியர் இல்ல, அவரோட சாட்சி எடுபடாது. அன்னிக்குக் குழியைப் பார்க்க வந்த கன்சல்டன்ட் என்ஜினியர்? சேலத்துக்காரர். நம்பர் பழைய போனோட போச்சு. லேப்ல சாம்பிள் கொடுத்த பையன்கிட்ட கேட்டு, அவன் இன்னொருத்தர்கிட்ட கேட்டு, மூணாவது நாள் நம்பர் கிடைச்சிருக்கு. பேர் சொன்னா ஞாபகம் வருமோ வராதோன்னு பயந்துக்கிட்டே கூப்பிட்டிருக்கார்.

"பாப்பிரெட்டிப்பட்டி கல்வெர்ட்டா? தண்ணி ஊறுன குழிதானே? லாரிக்காரன் கூட சண்டை போட்டுட்டு நின்னியே, அந்தப் பையனா நீ?"

ரெண்டு பேரும் அடுத்த ஞாயித்துக்கிழமை சேலத்துல உக்காந்து தேதி தேதியா எழுதப் போறாங்களாம். லோன் எடுக்கலை. ஃபண்டு சேர இன்னும் ஒரு வருஷம் ஆகும்னு சொன்னார், அதுக்குள்ள 34-ஐயும் எழுதி முடிச்சிடுவேங்கறார்.